விட்டுச் சென்ற பூனை: வைத்தியச் செலவு யார் பொறுப்பு?

கேள்வி: எதிர் ஃப்ளாட் அக்கா, மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனபோது தன் ஆண் பூனையை என்னிடம் விட்டுச் சென்றார். எனக்குக் காசு எதுவும் பேசவில்லை. தீனி மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் இரவு பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒரு சொட்டுச் சிறுநீர் வரவில்லை. பக்கத்திலிருந்த தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உடனே டியூப் போட வேண்டும் என்றார்கள். அக்கா போனை எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் "சரிம்மா, பாத்துக்கோ" என்று பதில் வந்தது. நான்கு நாள் அட்மிஷன், 31,000 ரூபாய். பிறகு மறுபடி அடைப்பு. டியூப் போட்டுவிட்டு, இனி ஆபரேஷன்தான் வழி என்றார்கள். அதை அக்காவுக்கு எழுதினேன், பதிலே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செய்துவிட்டேன், 38,000 ரூபாய். ஊர் திரும்பிய அக்கா, "தெருவில் எடுத்த பூனைக்கு 69,000 ரூபாயா? நான் செலவு பண்ணச் சொன்னேனா?" என்கிறார். பணத்தைக் கேட்க எனக்கு உரிமை உண்டா? தரும்வரை பூனையை நானே வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: பணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பூனையைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை.

வளர்ப்புப் பிராணியைச் சட்டம் அசையும் சொத்தாகவே பார்க்கிறது. கேட்க வருத்தமாக இருந்தாலும், உங்களுக்குக் கைகொடுப்பது அந்தப் பார்வைதான். ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னொருவரிடம் விட்டுப் போகிறார். பார்த்துக்கொள்பவருக்குக் கூலி கிடையாது. அப்படியானால் அதற்காக அவர் செய்த அவசியச் செலவை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 158. "நான் செலவு பண்ணச் சொன்னேனா?" என்ற கேள்விக்கு இந்தப் பிரிவே பதில். சொல்லியிருக்க வேண்டியதில்லை, செலவு அவசியமானதாக இருந்தால் போதும்.

ஆகவே எது அவசியம் என்பதில்தான் வழக்கே நிற்கும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளிலேயே இதயம் நின்றுபோகலாம். அந்த இரவில் நீங்கள் காத்திருந்திருந்தால், உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கப் பூனையே இருந்திருக்காது. தன் பொருளை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனம் உங்களுக்கும் கடமை (பிரிவு 151). போதாததற்கு, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3, பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அது தேவையில்லாமல் வேதனைப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பில் அன்று இருந்தவர் நீங்கள். "வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தால் குறைவாக முடிந்திருக்குமே" என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். உயிர் ஊசலாடும் பூனையோடு ராத்திரியில் தாம்பரத்திலிருந்து வேப்பேரிவரை போயிருக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்ப்பார் என நான் நினைக்கவில்லை. அதற்கு மேல் "சரிம்மா, பாத்துக்கோ" என்ற பதிலும் கையில் இருக்கிறது. 31,000 ரூபாயைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வலுவானது.

ஆபரேஷன் செலவு அவ்வளவு சுலபமில்லை. டியூப் போட்டதும் உடனடி ஆபத்து விலகிவிட்டது, முடிவெடுக்க அவகாசம் இருந்தது என்று வாதிடுவார்கள். சிக்கலான நேரத்தில் உரிமையாளரைத் தொடர்புகொண்டு அவர் விருப்பத்தைக் கேட்க முயல வேண்டும் என்பது, பிறர் சார்பில் செயல்படுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் கடமை (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 214). நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், இரண்டு நாள் காத்தும் இருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம். மெசேஜை அவர் பார்த்துவிட்டு மௌனமாக இருந்தாரா, பார்க்கவே இல்லையா என்பது முக்கியம். நீல டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரிடம் போய், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேஸ் ஷீட்டை வைத்துச் சான்று எழுதி வாங்குங்கள். உங்கள் வழக்கில் இதைவிடப் பெரிய ஆவணம் கிடையாது.

தெருப்பூனை என்ற வாதத்துக்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் கேட்பது பூனையின் விலையை அல்ல, செய்த செலவை. ஆனாலும் செலவு நியாயமான அளவில் இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்க்கும். பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் உங்களிடம் காரணம் இருக்க வேண்டும்.

இனிப் பூனை விஷயம். உழைப்போ திறமையோ செலுத்திப் பணி செய்தவர், தன் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170 இடம் தருகிறது. கிளினிக் வேண்டுமானால் அதைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். நீங்கள் கூலிக்கு வைத்தியம் பார்த்தவர் அல்ல. கேட்பது செய்த செலவை. பூனையைத் தர மறுத்தால் உங்கள் நல்ல வழக்கு கெட்டுப்போகும். அதோடு அவர் போலீசுக்குப் போனால் நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள்.

முதலில் ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடாச் சான்று கேட்டு, நீங்களே ஒரு கடிதம் அனுப்புங்கள். 31,000, 38,000 இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, பில் நகல்களை இணைத்து, பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பேச்சுக்கு வந்தால் தவணைக்கு ஒத்துக்கொள்ளலாம்; ஆபரேஷன் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதும் தப்பில்லை. எதிர் ஃப்ளாட்டில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

அவர் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் பக்கம் போகாதீர்கள். அக்கா உங்களுக்குச் சேவை விற்றவர் இல்லை, அங்கே இது நிற்காது. சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். பெண் என்பதால் வருமான வரம்பு பாராமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. விவரத்துக்கு 15100ஐ அழைக்கலாம். குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதுவும் நடக்காவிட்டால் முன்சீஃப் கோர்ட்டில் பண வழக்கு. ஒவ்வொரு தொகையும் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியமாக வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63இன்படி சான்று தேவைப்படும். அதுவரை அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள்.

பூனையை ஒப்படைக்கும்போது டிஸ்சார்ஜ் சீட்டு நகல், மருந்து, டாக்டர் சொன்ன தீனி, எவ்வளவு தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும் என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். பூனையை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி, தேதியோடு அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.