தோட்டப் பள்ளி

மாணவர்களே! பள்ளிக்கு முதற்கண் வேண்டுவது யாது? நூல் என்பீர், கரும்பலகை என்பீர். குளியலறை என்றார் ஓர் அம்மையார். அவர்தாம் மார்கரெட் மக்மில்லன் (1860–1931).

இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் மலிந்த நகரம் பிராட்போர்டு. 1894ஆம் ஆண்டில் அம்மையார் அந்நகரப் பள்ளிக் குழுவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அரைநாள் ஆலையில் உழைத்து, அரைநாள் பள்ளிக்கு வந்த சிறுவர் பலர் அங்கே பலகைமேல் தலை சாய்த்து உறங்கக் கண்டார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. நாற்பதாண்டு இலக்கணம் கற்பித்த யானும் இதனை அறிவேன். அவர் முயற்சியால் 1897இல் பள்ளியொன்றில் குளிப்பிடம் அமைந்தது. ஏழைச் சிறார்க்குப் பள்ளியில் உணவளிக்க வழிவகுத்த 1906ஆம் ஆண்டுச் சட்டத்திற்காகவும் அவர் ஓயாது வாதாடினார்.

பின்னர், இலண்டன் மாநகரின் டெட்போர்டுப் பகுதியில், தமக்கை ரேச்சலுடன் 1910இல் மருத்துவ நிலையம் ஒன்று நிறுவினார். கண்ணோய், செவிநோய், தோல்நோய் உற்ற பிள்ளைகள் நாள்தோறும் வந்தனர். நலம் பெற்றுச் சென்றனர். சில கிழமைகளில் அதே பிள்ளைகள் அதே நோயோடு திரும்பினர்! காற்றும் ஒளியும் புகாத நெருக்கடியான வீடுகள் நோயை மீட்டும் தந்தன. மருந்து என் செய்யும்?

ஆதலின், பள்ளி விட்டபின் சிறுமியர் தோட்டத்திற்கு வருமாறு ஏற்பாடு செய்தார். அவர்கள் நீராடி, உணவுண்டு, திறந்த வெளியில் கூரையின்கீழ் உறங்கி, காலையில் உண்டு பள்ளிக்குச் சென்றனர். உடல் தேறிற்று. ஆயினும் நோயின் வேர் ஐந்து வயதிற்கு முன்னரே ஊன்றிவிடுகிறது என்பதை உணர்ந்த உடன்பிறந்தார் இருவரும், 1914இல் மழலையர்க்கெனத் திறந்தவெளிப் பள்ளி கண்டனர். செடிகளும் மணல்மேடும் அங்கே பாடநூல்களாயின.

1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகட்குப் பள்ளி 'அமைக்கலாம்' என்றது. 'அமைத்தல் வேண்டும்' என விதித்திலது. சொல்லொன்றின் வேறுபாடுதான்; எனினும் எத்துணைக் குழந்தைகள் அதனால் வாயிலுக்கு வெளியே நின்றனர்! அம்மையார் சோர்ந்தாரல்லர். 1923இல் தோன்றிய மழலையர் பள்ளிச் சங்கத்தின் முதல் தலைவராகி, அதே வழக்கைத் தொடர்ந்து உரைத்து வந்தார்.

ரேச்சல் 1917இலேயே மறைந்துவிட்டார். தோட்டப் பள்ளிக்கும், 1930இல் எழுந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் அம்மையார் இட்ட பெயர் தம்முடையதன்று, தமக்கையின் பெயரே.