ஒரே புரதம், இரண்டு பிடிகள்

கேள்வி: ஃபைப்ரினோஜனும் தட்டணுக்களும் எந்நேரமும் ரத்தத்தில் சேர்ந்தே ஓடுகின்றன. காயம் பட்டால் மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கின்றன? வெள்ளையணுக்களுக்கும் இதில் பங்கு உண்டா?

பதில்: ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 2 முதல் 4 கிராம் ஃபைப்ரினோஜன் இருக்கிறது, புரதத்துக்குப் பஞ்சமில்லை. முடிவு தட்டணுவுடையது. அதன் மேற்பரப்பில் சுமார் 80,000 ஏற்பிகள் உண்டு. ஜிபி 2பி/3ஏ என்பார்கள். அமைதியான நேரத்தில் அவை முழங்கை மடக்கியதுபோல் குனிந்திருக்கும். கிழிந்த குழாய்ச் சுவரின் கொலாஜனோ, ரத்தத்தை உறையச் செய்யும் திராம்பின் நொதியோ தூண்டியதும் நிமிர்ந்து விரியும். ஃபைப்ரினோஜனுக்கு இரு முனைகள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தட்டணுக்கள் கோத்துக்கொள்கின்றன.

இந்த ஏற்பி பிறவியிலேயே குறைந்திருந்தால்? சுவிஸ் குழந்தை மருத்துவர் க்ளான்ஸ்மன் 1918இல் விவரித்த நோய் அதுதான். தட்டணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் மூக்கிலும் ஈறிலும் வரும் ரத்தம் எளிதில் நிற்காது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும் என்பதால், நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று அனுப்பிவிடக் கூடாது. இதே ஏற்பியைத் தற்காலிகமாக அடைக்கும் டைரோஃபிபான் என்ற மருந்து மாரடைப்புச் சிகிச்சையில் உதவுகிறது.

வெள்ளையணுக்களின் பிடி வேறு. அவற்றின் மேக்-1 ஏற்பி, புரதத்தின் இன்னோர் இடத்தைப் பற்றுகிறது. அதுவும் மிதக்கும் ஃபைப்ரினோஜனைவிட, அதிலிருந்து உருவாகிக் காயத்தில் படிந்த ஃபைப்ரினையே விரும்பும். அந்த இடத்தை மட்டும் மாற்றிய எலிகளை 2004இல் ஆராய்ந்தார்கள். ரத்தம் வழக்கம்போல் உறைந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைத்தான் அவற்றால் சரிவர அழிக்க முடியவில்லை.