நனைதலும் உலர்தலும்

கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்களைக் கண்டவர், நீர் வற்றிய தரையில் வெடிப்புகள் வலைபோல் ஓடுவதை அறிவர். நனைந்து பருத்த களிமண் உலருங்கால் சுருங்க முயல்கின்றது. அடிமண் இடங்கொடாமையால் பிளக்கின்றது. எரிபொருள் மின்கலத்தின் சவ்வுக்கு நேரும் கேடும் இத்தகையதே.

ஹைடிரஜனையும் பிராணவாயுவையும் தீயின்றிச் சேர்த்து மின்சாரம் பெறுங் கருவியே எரிபொருள் மின்கலம். வில்லியம் குரோவ் என்பார் 1839-இல் இதன் தத்துவத்தைக் கண்டார். பாலிமர்ச் சவ்வுடைய மின்கலம் 1965-இல் ஜெமினி 5 விண்கலத்திற் சென்றது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தார் சமைத்த ஹைடிரஜன் படகு, 2024 பிப்ரவரி 28-இல் தூத்துக்குடி விழாவில் தொடங்கி வைக்கப்பெற்றது.

இரு வாயுக்களையும் பிரித்து நிறுத்திப் புரோட்டான்களுக்கு மட்டும் வழிவிடுதல் சவ்வின் கடமை. நாஃபியான் என்னும் சவ்வில் ஒரு வகை, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே கனமுடையது. ஈரமிருந்தால்தான் அது புரோட்டான்களை நன்கு கடத்தும். மின்கலம் மிகுதியாய் உழைக்கும்போது நீர் பெருகிச் சவ்வு பருக்கும். உழைப்புக் குறைந்து உலரும்போது சுருங்கும். விளிம்புகள் இறுகப் பிடிக்கப்பட்டிருத்தலின், சுருக்கம் இழுவிசையாக மாறுகின்றது. ஓர் இழுப்பு அதனைக் கிழிப்பதில்லை. பல்லாயிரம் இழுப்புகளால் களைத்து ஊசித்துளை விழுகின்றது. அத்துளை வழியே வாயுக்கள் கலந்து வெப்பமுண்டாக்க, துளை மேலும் பெரிதாகும். வரிசையாய் அடுக்கிய கலங்களில் ஒன்று கெடினும் அடுக்கு முழுதும் பயனிழக்கும்.

ஆதலின் சவ்வின் உறுதியைச் சுற்றுக்கணக்கால் அளக்கின்றனர். அமெரிக்க எரிசக்தித் துறை வகுத்த சோதனையில், 80 டிகிரி செல்சியஸில், இரண்டு நிமிஷம் வறண்ட காற்றும் இரண்டு நிமிஷம் ஈரக்காற்றும் மாறி மாறிச் செலுத்துவர். 20,000 சுற்றுகள் தாங்குதல் இலக்கு. இடையறாது நடத்தினும் இதற்கு ஐம்பத்தைந்து நாட்களுக்கு மேலாகும்.

பரிகாரம் யாது? இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை நோக்குக. முறிந்த எலும்புக்கு இடும் மாவுக்கட்டில், மாவு உதிராமல் பிடித்து நிற்பது அத்தகைய துணியின் இழையே. அவ்வாறே, 1969-இல் இராபர்ட் கோர் கண்ட, இழுத்து விரித்த டெஃப்லான் வலையில் சவ்வுப் பொருளை ஊட்டுகின்றனர். வலையின் நுண்ணிழைகள் சவ்வு பக்கவாட்டில் விரியாது தடுக்கின்றன. சவ்வையும் இன்னும் மெல்லியதாக்கலாம். ஆயின் அவ்விழைகள் புரோட்டான்களைக் கடத்தா. ஆகவே வலை மிகுந்தால் மின்சாரம் குன்றும். குறைந்தால் சவ்வு கிழியும். இவ்விரண்டிற்கும் நடுவழி காண்பதே இத்துறையின் அருமை.

இவ்வாராய்ச்சிக்குக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. நூலும் நெசவும் அறிந்த நம் ஊர் மாணவர், இரசாயனமும் பௌதிகமும் கற்று இத்துறையிற் புகுவாராயின் பெரும்பயன் விளையும்.