60 வயதில் வாடகையை யார் கட்டுவது? சொந்த வீடு, வாடகை வீடு கணக்கின் இரண்டாம் பாதி

"சொந்த வீடு வாங்கலாமா, வாடகையிலேயே இருக்கலாமா?" நம்ம சேனலில் எந்தத் தலைப்பில் வீடியோ போட்டாலும் இந்தக் கேள்வி எப்படியாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். வழக்கமான பதிலும் உங்களுக்குத் தெரியும். இஎம்ஐ எவ்வளவு, வாடகை எவ்வளவு, வித்தியாசத்தை எஸ்ஐபியில் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு, "வாடகைதான் லாபம்" என்று முடித்துவிடுவோம்.

அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் அது பாதிக் கணக்குதான். மாதா மாதம் சம்பளம் வருகிற வரைக்கும் உள்ள கணக்கு. சம்பளம் நின்ற பிறகும் 25, 30 வருடம் ஒரு கூரைக்கு அடியில் இருந்தாக வேண்டும். அந்த மீதிப் பாதியை இன்றைக்குப் போட்டுப் பார்ப்போம்.

30 வயதில் போடும் கணக்கு

உங்களுக்கு 30 வயது. சென்னையில் 1 கோடி ரூபாய் பெறுமான ஒரு ஃபிளாட்டில் மாதம் 25,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 லட்சம், அதாவது வீட்டு விலையில் 3%.

அதே வீட்டை வாங்கினால்? கையிலிருந்து 20 லட்சம், லோன் 80 லட்சம். 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 69,400 ரூபாய். 20 வருடத்தில் வங்கிக்குக் கட்டுவது மொத்தம் 1.67 கோடி. தமிழ்நாட்டில் பழைய வீட்டைக் கிரயம் பண்ணினால் முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%. அதற்கே இன்னொரு 9 லட்சம் வேண்டும்.

"வரி மிச்சமாகுமே!" என்று சிலர் சொல்வார்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு, தாங்களே குடியிருக்கும் வீட்டு லோன் வட்டிக்குக் கழிவு கிடையாது. அதனால் வரியை மட்டும் நம்பி வீடு வாங்காதீர்கள்.

25,000 எங்கே, 69,400 எங்கே? 30 வயதில் வாடகை ஜெயிக்கிறது. சந்தேகமே இல்லை.

அதே கணக்கு, வயது ஏற ஏற

இஎம்ஐ ஏறத்தாழ அப்படியே நிற்கும். வாடகை நிற்காது. வருடத்துக்கு 6% ஏறுகிறது என்று வைத்தால்:

- 30 வயதில்: 25,000
- 40 வயதில்: சுமார் 44,800
- 50 வயதில்: சுமார் 80,200
- 60 வயதில்: சுமார் 1,43,600

18-வது வருடத்தில் வாடகை இஎம்ஐயைத் தாண்டிவிடுகிறது. 50 வயதில் வீடு வாங்கினவருக்கு இஎம்ஐ முடிந்துவிடும். வாடகைக்காரருக்கு முடிவு தேதி என்று ஒன்று கிடையாது.

60 வயது வரைக்கும் இது உறைக்காது. ஏனென்றால் சம்பளமும் கூடவே ஏறிக்கொண்டு வரும். 60-ல் சம்பளம் நிற்கும், வாடகை மட்டும் வருடா வருடம் ஏறும். அந்த நாளில் வாடகையை யார் கட்டுவது என்பதற்கு இன்றைக்கே ஒரு பதில் வேண்டும். "பிள்ளைகள் பார்த்துப்பாங்க" என்பது பதில் இல்லை. நம் செலவை அவர்கள் தலையில் வைப்பதுதான் அது. அப்போது அவர்களும் உங்களைப் போலவே 30 வயதில், இஎம்ஐயும் ஸ்கூல் ஃபீஸுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள்.

வாடகையிலேயே இருக்கப் போகிறீர்களா? 300-ஆல் பெருக்குங்கள்

வாழ்நாள் முழுக்க வாடகையில் இருப்பது தாராளமாகச் சாத்தியம். ஆனால் அதற்குத் தனியாக ஒரு பணம் வேண்டும். அதற்கு 'வாடகை நிதி' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு? இன்றைய மாத வாடகையை 300-ஆல் பெருக்குங்கள். 12 மாதம், 25 வருடம், அதுதான் 300. ஓய்வுக்குப் பிறகு அந்தப் பணம், வரி போக, வாடகை ஏறும் அதே வேகத்திலாவது வளர வேண்டும் என்பது இதிலுள்ள கணக்கு. 25,000 வாடகைக்கு இன்றைய மதிப்பில் 75 லட்சம். 12,000 வாடகை என்றால் 36 லட்சம்.

இது இன்றைய மதிப்பு. 30 வருடம் கழித்து, அதே 6% ஏற்றத்தில், 75 லட்சம் என்பது சுமார் 4.3 கோடியாக நிற்கும். பயப்பட வேண்டாம். வருடத்துக்கு 10% வருமானம் என்று வைத்து, இதற்கு எவ்வளவு எஸ்ஐபி வேண்டும் என்று பாருங்கள்:

- 30 வயதில் ஆரம்பித்தால்: மாதம் சுமார் 19,000. அப்போதைய வாடகையில் முக்கால் பங்கு.
- 40 வயதில் ஆரம்பித்தால்: மாதம் சுமார் 57,000. அப்போதைய வாடகையைப் போல ஒன்றே கால் மடங்கு.
- 50 வயதில் ஆரம்பித்தால்: மாதம் சுமார் 2.1 லட்சம். அப்போதைய வாடகையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இந்த 10% நிச்சயமான வருமானம் இல்லை, ஒரு கணக்குக்காகத்தான். ஆனால் மூன்று வரிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். 30 வயதில் வாடகை 25,000, எஸ்ஐபி 19,000, மொத்தம் 44,000. இஎம்ஐயோடு ஒப்பிட்டால் அப்போதும் 25,000 கையில் மிச்சம். அதனால் வாடகையில் இருப்பது புத்திசாலித்தனமான முடிவுதான், அந்த 19,000 நிஜமாகவே போய்க்கொண்டிருந்தால் மட்டும்.

நிறைய பேர் வழுக்குவது இங்கேதான். "வித்தியாசத்தை முதலீடு பண்ணுவேன்" என்று சொல்லி வாடகையில் இருப்போம். அந்த வித்தியாசம் கார் லோன், ஐஃபோன், வெளிநாட்டு டூர் என்று கரைந்துவிடும். இஎம்ஐ கட்டவில்லை என்றால் வங்கி போன் பண்ணும். எஸ்ஐபியை நிறுத்தினால் யாரும் போன் பண்ண மாட்டார்கள். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு வராது என்று தெரிந்தால், கணக்கில் கொஞ்சம் நஷ்டம் என்றாலும் வீட்டு லோன் உங்களுக்கு நல்லதுதான்.

பணம் தவிர இன்னொன்று

"பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும், ரெண்டு மாசத்துல காலி பண்ணிக்கோங்க." 32 வயதில் இது ஒரு தலைவலி. 72 வயதில், டாக்டர், மெடிக்கல் ஷாப், கோயில், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் பழகிப்போன தெருவை விட்டுக் கிளம்புவது வேறு. அதனால் வாடகை நிதியில் ஷிஃப்டிங் செலவு, அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும்.

ரிட்டையர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் "10 லட்சம் போக்கியத்துக்குக் கொடுங்க, வாடகையே வேண்டாம்" என்று யாராவது வருவார்கள். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், வீடு ஏலத்துக்குப் போகலாம். உங்கள் 10 லட்சத்துக்காக நீங்கள் அலைய வேண்டியிருக்கும். வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் போக்கியத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கப் போகிறீர்களா? நான்கு விஷயம்

ஒன்று, லோன் முடியும் தேதி. 42 வயதில் 20 வருட லோன் எடுத்தால் 62 வரைக்கும் இஎம்ஐ ஓடும். 60-ல் சம்பளம் நின்றுவிடும். வட்டி ஏறினால் இது இன்னும் நீளும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4%-லிருந்து 6.5% ஆக்கியது. அப்போது பலருக்கு இஎம்ஐ ஏறவில்லை, கட்ட வேண்டிய மாதங்கள்தான் ஏறின. உங்கள் லோன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து எத்தனை மாதம் பாக்கி என்று பாருங்கள். 55-க்குள் முடிப்பது இலக்காக இருக்கட்டும். மேலே சொன்ன 80 லட்சம் லோனில் வருடத்துக்கு ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டினாலே மூன்று வருடத்துக்கும் மேல் முன்னதாக முடிந்துவிடும்.

இரண்டு, வீடு மட்டும் சோறு போடாது. கையில் வரும் சம்பளத்தில் 40%-க்கு மேல் இஎம்ஐ போனால், ஓய்வுக்காலச் சேமிப்புதான் முதலில் அடிவாங்கும். டவுன் பேமென்ட்டுக்கு பிஎஃப் பணத்தைத் துடைத்து எடுப்பதும் அதே கதை. கடைசியில் 60 வயதில் 4 கோடி ரூபாய் வீடு இருக்கும், மளிகைக்குப் பணம் இருக்காது. 60 வயதைத் தாண்டியவர்கள் சொந்த வீட்டின் பேரில் வங்கியிலிருந்து மாதா மாதம் பணம் வாங்க 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' என்ற வசதி 2007 முதல் இருக்கிறது. ஆனால் இங்கே அது பெரிதாகப் பரவவில்லை. அதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள்.

மூன்று, சொந்த வீட்டுக்கும் மாதச் செலவு உண்டு. இன்றைக்கு மெயின்டனன்ஸ் 4,000 என்றால் அதே 6% ஏற்றத்தில் 30 வருடம் கழித்து சுமார் 23,000. சொத்து வரி, பெயின்ட், பிளம்பிங் எல்லாம் தனி. 300 பெருக்கல் இதற்கும் பொருந்தும். 4,000 என்றால் இன்றைய மதிப்பில் 12 லட்சம்.

நான்கு, 70 வயதில் அந்த வீட்டில் இருக்க முடியுமா? லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி இப்போது விலை குறைவு. முழங்கால் வலிக்கிற வயதில் அது ஜெயில். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஃபிளாட் என்றால் யூடிஎஸ், அதாவது உங்கள் பங்கு நிலம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டடம் பழசாகும், மதிப்பைத் தாங்குவது நிலம்தான். புதிதாகவே வாங்கினாலும் நீங்கள் ரிட்டையர் ஆகும்போது அது 30 வருடக் கட்டடம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அப்படி நடந்தால், கட்டி முடிக்கும் வரை சொந்த வீட்டுக்காரரும் வாடகை வீடு தேட வேண்டும்.

வேலை ஒரு ஊர், ஓய்வு ஒரு ஊர்

வேலை பார்க்கும் ஊரில்தான் கடைசி வரை இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வேலைக்காலம் முழுக்க சென்னையிலோ பெங்களூரிலோ வாடகையில் இருந்துவிட்டு, ஓய்வுக்குத் திருச்சி, மதுரை, கும்பகோணம் என்று போகலாம். வாடகை குறைந்தால் 300 பெருக்கலும் தானாகக் குறையும். ஆனால் "ஊர்ல அப்பா வீடு இருக்கு" என்று அதை மட்டும் நம்பாதீர்கள். அதில் அண்ணன், தங்கை எல்லோருக்கும் பங்கு உண்டு. அப்பா இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. வாடகையில் இருப்பவர்கள்: ஓய்வுக்குப் பிறகு எந்த ஊரில் இருக்கப் போகிறீர்களோ, அந்த ஊரின் இன்றைய வாடகையை 300-ஆல் பெருக்குங்கள். அதற்கென்று தனி எஸ்ஐபி ஆரம்பியுங்கள். வீட்டுச் செலவுக்கான ஓய்வு நிதியோடு கலக்காதீர்கள்.
2. லோன் கட்டுபவர்கள்: கடைசி இஎம்ஐ வரும் தேதியில் உங்கள் வயது என்ன என்று எழுதுங்கள். 55-க்கு மேல் என்றால் அடுத்த போனஸ் லோனுக்குப் போகட்டும்.
3. இன்னும் முடிவெடுக்காதவர்கள்: அவசரமில்லை, 30 வயதில் வீடு இல்லாதது குறையும் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் வரை வாடகையில் முக்கால் பங்கை முதலீடு செய்துகொண்டே இருங்கள். பிறகு வாங்க நினைத்தால் அதுவே டவுன் பேமென்ட், வாங்காவிட்டால் அதுவே வாடகை நிதி.

சொந்த வீட்டில் இருப்பவரும் நிம்மதியாக ரிட்டையர் ஆகலாம், வாடகை வீட்டில் இருப்பவரும் ஆகலாம். இரண்டுமே இல்லாமல், அதாவது வீடும் இல்லை, வாடகை நிதியும் இல்லை என்று 60-ல் போய் நிற்பதுதான் கஷ்டம். உங்களுக்கு இன்னும் 30 வருடம் கையில் இருக்கிறது. கால்குலேட்டரை எடுத்து இன்றைக்கே 300-ஆல் பெருக்கிப் பாருங்கள்.