மாங்காய்ச் சாறு

வட இந்தியாவில் மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என்னும் வெப்பக்காற்று வீசும். சில நாள்களில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியசையும் கடக்கும். வியர்வையோடு உடலின் நீரும் உப்பும் குறையும். கவனியாது விட்டால் உயிருக்கே ஊறு நேரும். எனவே அங்குள்ள இல்லங்களில் ‘ஆம் பன்னா’ என்னும் மாங்காய்ச் சாற்றைப் பருகுவர்.

புளிப்பு மிக்க மாங்காயைத் தணலில் சுட்டோ, நீரில் வேகவைத்தோ தோலை நீக்குவர். சதையைக் கையால் பிசைந்து, கொட்டையை அகற்றி, குளிர்ந்த நீரில் கரைப்பர். வறுத்துப் பொடித்த சீரகம், கறுப்பு உப்பு, புதினா, சிறிது வெல்லம் ஆகியவற்றைச் சேர்ப்பர். வடிகட்டினால் நார்ச்சத்து வீணாகும். சர்க்கரையை அள்ளிக் கொட்டுவோரும் உளர். அது சாறன்று, பாகு!

வெயிலில் மயங்கி விழுந்தவருக்கு இதனைப் புகட்டலாகாது. அவரை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.