மேஸ்திரி இல்லாவிட்டால் தறி நின்றுவிடுமா?

தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தொழிலாளரோடு பகிர்ந்துகொள்வது ஜப்பானியருக்கு வேண்டுமானால் பொருந்தும், நம் நாட்டுத் தொழிலாளியோ மேலே ஒருவர் நின்று கட்டளையிட்டாலன்றிக் கையை அசைக்காத சுபாவம் உடையவன் என்னும் அபிப்பிராயத்தை, ஆலை நிர்வாகிகளின் கூட்டந்தோறும் கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது. இப்படிப் பேசுவோர் நம் நெசவாலைகளின் சரித்திரத்தை ஒருமுறையேனும் புரட்டியிருந்தால், இந்த அவதூறைச் சொல்ல நா எழுந்திராது.

1952-இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. ஒவ்வொருவருக்கும் உரிய வேலைப் பளுவை நிபுணர்கள் அளந்து விதித்திருந்தும், எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மறு வருஷம் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் ஆலோசகர் ஏ. கே. ரைஸ் அங்கே ஆராய்ந்தபோது கண்டது சோம்பலை அன்று. 224 தறிகளை 29 பேர் 12 வகை வேலைகளாகப் பிரித்துக்கொண்டு, நெய்பவருக்கு ஒரு தறிக்கணக்கும் பாபின் நிரப்புபவருக்கு வேறொரு கணக்கும் இருந்தபடியால், யார் யாருக்குத் துணை என்பதே விளங்காத குழப்பத்தைத்தான். ஒரு தறித்தொகுதி முழுவதையும் ஒரு சிறு குழுவே ஏற்றால் என்ன என்று அவர் எழுப்பிய யோசனையை மேற்பார்வையாளரும் தொழிலாளரும் உடனே பற்றிக்கொண்டு, 64 தறிக்கு ஏழு பேர் என வகுத்து, குழுக்களைத் தாங்களே கூடி அமைத்தார்கள். ஆரம்பத் தடுமாற்றம் தீர்ந்தபின், சுமார் 80 சதவீதமாக இருந்த தறித்திறன் 95 ஆயிற்று. பழுதுத் துணி 32 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கிற்று. தறிகளும் அவையே, தொழிலாளரும் அவர்களே! பிற்காலத்தில் அந்த ஷெட்டில் பழைய வழக்கம் திரும்பிற்றே என்பார்க்கும் விடை உண்டு: 1970-இல் மறுபடி சென்று ஆராய்ந்த எரிக் மில்லர், சந்தையின் மாறுதல்களையே முக்கிய காரணமாகக் கண்டார், தொழிலாளியின் சுபாவத்தை அன்று.

எல்லாரும் தலைவரானால் மேற்பார்வையாளருக்கு வேலையில்லை என்பது மற்றொரு பிரமை. டொயோட்டா ஆலையில் பழுதைக் கண்ட தொழிலாளி எச்சரிக்கைக் கயிற்றை இழுத்தவுடன் ஓடிவந்து உடன் நிற்பவர் அவரேயல்லவா? சிறு ஸ்தாபனங்களுக்கு மட்டுமே இந்த அதிகாரப் பகிர்வு ஏற்கும் என்பாரும், சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலால் 1925-இல் ஒரு சில கூலித் தொழிலாளர் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இன்று கேரளத்தில் பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டுவதைப் போய்ப் பார்க்கட்டும். சட்டம் இடங்கொடாது என்பதற்குப் பதிலே வேண்டியதில்லை; நிர்வாகத்தில் தொழிலாளரைப் பங்கேற்கச் செய்வதை அரசியலமைப்பின் 43அ பிரிவே 1977 முதல் அரசின் கடமையாக விதித்திருக்கிறது.

ஆனால் அதிகாரத்தைக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டே, தீர்மானத்துக்கு ஆதாரமான கணக்கை மானேஜரின் அறையில், அதுவும் இங்கிலீஷில், பூட்டிவைக்கும் வஞ்சனையை என்னால் சகிக்க முடியவில்லை. நூலின் விலை என்ன, நேற்றுத் தறி எத்தனை மணி நின்றது, எதனால் நின்றது, எவ்வளவு துணி பழுதாயிற்று என்பதை அறியாதவன் எதைக் கொண்டு முடிவு செய்வான்? ஒவ்வொரு ஷெட்டின் வாசலிலும் ஒரு கரும்பலகையை மாட்டி, இந்த விவரங்களை ஷிப்டுக்கு ஷிப்டு நல்ல தமிழில் எழுதிவைக்க ஆலைகள் முதலில் முன்வரட்டும். குழுக்கள் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.