பிறை பார்த்துப் படகேறுதல்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கூலிம், பாலிங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் நம்மவர் குடும்பம் குடும்பமாக லங்காவிக்குப் பிரயாணமாகின்றனர். கோலா கெடாவிலிருந்து குவா துறைக்குக் கடல்வழி ஏறத்தாழ 51 கிலோமீட்டர். பெரிய விரைவுப் படகில் சீட்டு எடுத்துப் போகிறவர்களுக்கு இக்கட்டுரை அவ்வளவு அவசியமில்லை. சிறு படகை வாடகைக்கு அமர்த்தி, காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று எண்ணுவோர் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஷஃபான் பிறை 16 அன்று நாம் சரக்கு விஷயமாக லங்காவியில் இருந்தோம். லுஹர் தொழுது வந்ததும், அலோர் ஸ்டாரில் நம் தாய்மாமா மௌத்தாகிவிட்டதாகச் செய்தி வந்தது. மக்ரிபுக்குப் பின் அடக்கம் என்றார்கள். விடுமுறைக் கூட்டத்தில் சீட்டுக் கிடைக்கவில்லை. ஒரு சிறு படகை அமர்த்தி இரண்டே காலுக்குப் புறப்பட்டோம். கடல் கண்ணாடி போல் இருந்தது. ஐந்து மணிக்கு கோலா கெடாக் கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது அடியில் ‘சர்’ரென்று ஒரு சத்தம், படகு நின்றுவிட்டது. “அரை மணியில் மிதந்துவிடும்” என்றார் படகுக்காரர். நாமும் நம்பினோம். அரை மணி கழித்துப் பார்த்தால் சுற்றிலும் சேறு. வேறு படகு கிட்டே வர வழியில்லை, இறங்கி நடக்கவும் வழியில்லை. கடல் நீரில் ஒளுச் செய்து, சூரியன் இறங்கிய பக்கத்தை அடையாளமாகக் கொண்டு, படகில் உட்கார்ந்தபடியே மக்ரிபைத் தொழுதோம். படகு மிதந்தபோது மணி ஒன்பதரை. மாமாவின் முகத்தைப் பார்க்க நமக்கு வாய்க்கவில்லை.

அன்று நம் கையில் பிறைக் கணக்கு இருந்தது. அதைக் கடலுக்குப் பயன்படுத்தத்தான் தெரியாமல் போயிற்று.

கடல்நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. மலாய்க்காரர் இதனைப் பாசாங், சூருட் என்பர். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணிக்குச் சற்று அதிகமாகும். அதனால் ஏற்றம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி வரும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில், அதாவது பிறை 1 முதல் 3 வரையிலும் 15 முதல் 17 வரையிலும், ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. பிறை 8 முதல் 10 வரையிலும் 22 முதல் 24 வரையிலும் இரண்டும் சிறிது. நம் கெடாக் கரையில் பெரிய ஏற்றம் வரும் நாட்களில் நண்பகலை ஒட்டி நீர் நிறையும்; காலை ஆறு ஏழு மணிக்கும் மாலை ஆறு ஏழு மணிக்கும் அடியோடு வற்றும். உல்லாசப் பிரயாணிகள் புறப்படுவதும் திரும்புவதும் சரியாக அந்த நேரங்களில்தானே!

கெடா ஆறு வயல்வெளிகளின் வண்டலைச் சுமந்து வருகிறது. கடலைத் தொட்டதும் ஓட்டம் தளர்ந்து, சுமந்ததைக் கழிமுகத்திலேயே போட்டுவிடுகிறது. ஆகவே போன வருஷத்து வழி இவ்வருஷம் வழியாக இராது. கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடக்கைப் பக்கமும் பச்சை மிதவை வலக்கைப் பக்கமும் இருக்க வேண்டும். அவற்றை விட்டுக் குறுக்கே பாய்ந்தால் சேறுதான்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏறும் அளவைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, 1 என்று ஏறும். கணக்குக்காக, வற்றத்தில் 0.4 மீட்டர், ஏற்றத்தில் 2.8 மீட்டர் என்று வைப்போம். வித்தியாசம் 2.4 மீட்டர், ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். முதல் மணியில் 20, இரண்டாம் மணியில் 40, ஆக 60. மூன்றாம் மணியில் இன்னும் 60. வரைபடத்தின் பூஜ்ய மட்டத்துக்கு மேல் 0.3 மீட்டர் உயர்ந்த திட்டு ஒன்று. படகு நீரில் அமிழ்வது 0.8 மீட்டர். மிதக்க 1.1 வேண்டும். வற்றத்திலிருந்து 70 சென்டிமீட்டர் ஏற இரண்டு மணிக்கும் பத்து நிமிடம் கூடும். அடியில் அரை மீட்டர் இடைவெளி விட்டுத் தாராளமாகப் போக மூன்று மணி நேரம் பொறுக்க வேண்டும். அன்று வற்றம் ஏழே கால். அதற்கு இரண்டு மணிக்கு மேல் முன்பே தட்டிய நாம், அது கழிந்து அதே அளவு நேரம் காத்திருந்ததில் அதிசயமில்லை. படகுக்காரரின் அரை மணிக் கணக்கு ஏறும் நீருக்குரியது. அப்போதோ நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரே நாளில் போய்த் திரும்பப் பிறை 8 முதல் 10 வரை, அல்லது 22 முதல் 24 வரை நல்ல நாட்கள். காலையிலும் மாலையிலும் நீர் நிறையும். வற்றமோ நண்பகலை ஒட்டி நாம் தீவில் இருக்கும்போது வந்து போகும். மாலையில் மூன்றரைக்குக் குவாவை விட்டால், மணிக்கு 18 கிலோமீட்டர் ஓடும் படகு ஆறே காலுக்கு ஏறுகின்ற நீரில் கழிமுகம் சேரும். ஏறும் நீரில் தட்டினாலும் அடுத்த நீரே தூக்கிவிடும்.

பிறை நாளைக் காட்டும், மணியைக் காட்டாது. மணிக்கும் அளவுக்கும் கடற்படையின் நீரளவை நிலையமும் நில அளவை இலாகாவும் வருஷந்தோறும் அட்டவணை வெளியிடுகின்றன. அதையும் வானிலை அறிக்கையையும் முதல் நாளே பாருங்கள். சுமாத்திராப் பக்கத்துச் சூறைக்காற்று எந்த அட்டவணைக்கும் அடங்காது. வாடகை பேசும்போதே படகு எவ்வளவு அமிழும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாம் அன்று வாடகையை மட்டும்தான் கேட்டோம்.